மரவள்ளிக்கு இஞ்சி ஆகாதா? பழக்கவழக்கத்துக்கு விஞ்ஞான விளக்கம் தேடுகிறவர்களுக்கு

பங்குனி 6, வாசகர் ஒருவரின் கேள்வி

"எங்கட ஆக்களின் ஒவ்வொரு பழக்கத்துக்குப் பின்னாலும் விஞ்ஞானம் இருக்கு. மரவள்ளிக்கிழங்கோடு இஞ்சி சேர்க்கக் கூடாது என்றது சும்மா இல்லை, சேர்ந்தால் சயனைட். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் வாகனத்தை நிறுத்தித் தேங்காய் உடைக்கிறது சாரதிக்கு நித்திரை வராமல் இருக்க. முன்னோர் எல்லாம் தெரிந்துதான் வைத்தார்கள். கிளிநொச்சியில் விஞ்ஞானம் படிப்பிக்கிற நீங்கள் இதற்கு என்ன சொல்கிறீர்கள்?"

பங்குனி 6, இரவு

சாரதியின் நித்திரையில் தொடங்குவோம், அதுதான் சுலபம். கிளிநொச்சியில் இருந்து வவுனியாவுக்கு வெளிக்கிடும் பஸ் கால் மணித்தியாலம் போல ஓடி முறிகண்டியில் நிற்கிறது. அதற்குள் நித்திரை தூங்குகிற சாரதியை வேலைக்கே வைத்திருக்கக் கூடாது. நித்திரைதான் காரணம் என்றால் இரவில் கூடவும் பகலில் குறையவும் நிறுத்த வேண்டும். யாழ்ப்பாணத்தில் இருந்து வருகிறவன் நிறுத்தலாம், கிளிநொச்சியில் ஏறியவனுக்குத் தேவையில்லை. நடப்பது அப்படியா? எல்லாரும் நிறுத்துகிறார்கள், இறங்கிக் கச்சானும் வாங்குகிறார்கள்.

காரணம் சொல்வதென்றால் நானும் இருந்த இடத்தில் இருந்தே சொல்வேன். பழைய பஸ்ஸின் எஞ்சின் சூடாற நிறுத்தினார்கள். பயணிகள் ஒதுங்கிவிட்டு வர நிறுத்தினார்கள். முன்னால் யானை நிற்கிறதா என்று எதிரே வந்தவனிடம் கேட்க நிறுத்தினார்கள். கச்சான் கடைக்காரர்கள் கிளப்பிவிட்டார்கள். ஒவ்வொன்றும் கேட்க நல்லாகத்தான் இருக்கிறது, எல்லாமே பொருந்துகிறது. அதுதான் பிரச்சினை. விஞ்ஞான விளக்கம் என்று ஒன்றைச் சொன்னால், இன்ன இடத்தில் இந்தப் பழக்கம் இருக்காது என்றும் அது துணிந்து சொல்ல வேண்டும். சொன்னபிறகு அங்கே போய்ப் பார்க்க வேண்டும்.

பங்குனி 7

ஒரு நல்ல உதாரணம் நினைவுக்கு வந்தது. மலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் முதலாம் உலகப் போர்க் காலத்தில் பப்புவா நியூகினிக்குப் பக்கத்தில் உள்ள ட்ரோப்ரியண்ட் தீவுகளில் இருந்தார். அங்கே களப்பில் மீன் பிடிப்பவர்கள் மந்திரம் ஓதுவதில்லை. ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் ஓதுகிறார்கள். களப்பில் ஆபத்தும் இல்லை, மீனும் நிச்சயம். கடலில் இரண்டுக்கும் உத்தரவாதம் இல்லை. நிச்சயம் இல்லாத இடத்தில்தான் சடங்கு கூடும் என்று அவர் 1925இல் எழுதினார். எங்கே இருக்கும், எங்கே இருக்காது என்று இரண்டையும் சொல்கிற விளக்கம் இது.

முறிகண்டிக்கு இதை வைத்துப் பார்த்தால் பாதி பொருந்துகிறது. காடு, யானை, பிறகு சண்டை. ஆனால் இப்போது ஏ9 கார்ப்பெட் ரோடு. ஆபத்து குறைந்தது, தேங்காய் குறையவில்லை. ஆக, ஒரு பழக்கம் தொடங்கிய காரணம் ஒன்று, நிலைத்து நிற்கிற காரணம் வேறொன்றாக இருக்கலாம். 2013 புரட்டாதியில் கிளிநொச்சி வரைக்கும் ரயில் திரும்ப ஓடத் தொடங்கியது. ரயிலில் போகிறவன் முறிகண்டியைத் தாண்டும்போது கன்னத்தில் போட்டுக்கொள்வதோடு சரி. அவனும் பத்திரமாகத்தான் போய்ச் சேருகிறான். (இதை என் மாமியிடம் சொன்னேன். "பிள்ளையார் ரயிலுக்கும் சேர்த்துத்தான் பார்க்கிறார்" என்றா. இந்த விளக்கத்தைப் பொய்ப்பிக்க வழியே இல்லை.)

பங்குனி 8

இனி மரவள்ளி. இதில் சரக்கு இருக்கிறது, கொஞ்சம் நீளும்.

மரவள்ளியில் லினமரின் என்றொரு பொருள் உண்டு. அதை உடைக்கிற நொதியமும் அதே கிழங்கில்தான் இருக்கிறது, ஆனால் இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே இருக்கின்றன. வெட்டினால், துருவினால், நசித்தால் இரண்டும் கலந்து ஐதரசன் சயனைட் வரும். அது சுமார் 26 பாகை செல்சியசில் கொதிக்கிற பொருள், திறந்த பானையில் அவித்தால் ஆவியோடு போய்விடும். அம்மம்மா அவிக்கிறபோது தோலை உரித்து, துண்டு போட்டு, நடு நாரை இழுத்தெறிந்து, கொதித்த முதல் தண்ணீரை வடித்து ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் உப்பும் மஞ்சளும் போடுவா. யாராவது பானையை மூடினால் ஏச்சு விழும். "மூடினால் நஞ்சு", அவ்வளவுதான், மேலதிக விளக்கம் கிடையாது. இந்த மூடி விஷயத்துக்கு நான் விஞ்ஞானம் என்று கையெழுத்தே போட்டுத் தருவேன்.

இஞ்சி வேறு கதை. கட்டாரில் வேலை செய்த காலத்தில் என் அறையில் மலையாளிகள். வெள்ளிக்கிழமை லீவு என்றால் கப்பையும் மீன் கறியும். கப்பை என்றது எங்கட மரவள்ளிதான். மீன் கறிக்குள் குடம்புளி, உள்ளி, விரல் நீளத்துக்கு அரிந்த இஞ்சி. நான் கோப்பையை வைத்துக்கொண்டு அவர்கள் முகத்தையே பார்த்தபடி இருந்தேன். அவர்கள் இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டார்கள். அன்றைக்கு நான் பாணும் பருப்பும். அடுத்த நாள் எல்லாரும் வேலைக்குப் போனோம். திருவிதாங்கூரில் மரவள்ளியைப் பரப்பியவர் 1880களில் ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா என்று சொல்வார்கள். அன்றிலிருந்து அந்தச் சனம் இஞ்சியோடு சாப்பிட்டு வருகிறது. இஞ்சி கொல்லும் என்றால் கேரளத்தில் ஆட்களே மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

இன்னொன்று. "முன்னோர் ஆயிரம் ஆண்டாகக் கண்டறிந்தது" என்கிறார்கள். மரவள்ளி தென்னமெரிக்கச் செடி. எங்கட தீவுக்கு ஐரோப்பியர் கொண்டுவந்தது. ஆயிரம் ஆண்டுக்கு முன் இருந்த முன்னோர் அதைக் கண்ணாலும் கண்டிருக்க மாட்டார்கள்.

பங்குனி 8, சாப்பிட்ட பிறகு

மேலே எழுதியதைப் படித்தால் நான் முன்னோரைக் கேலி செய்வதுபோல் இருக்கிறது. மறுபக்கமும் சொல்ல வேண்டும்.

அமேசன் காட்டில் துக்கானோ இனத்துப் பெண்கள் கசப்பு மரவள்ளியைத் துருவி, பிழிந்து, கழுவி, நாட்கணக்கில் வைத்துத்தான் சமைக்கிறார்கள். நஞ்சு மெல்ல மெல்ல, வருடக்கணக்கில் வேலை செய்வது. ஒரு படியை விட்டுவிட்டால் நாளைக்கே ஒன்றும் ஆகாது. அதனால் "ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்" என்று தானாக யோசிக்கிற கெட்டிக்காரிதான் மாட்டுப்படுவாள். கேள்வி கேட்காமல் பெரியவர்கள் செய்ததைச் செய்கிறவள் தப்புவாள். ஜோசப் ஹென்ரிக் என்ற ஆய்வாளர் இதை விளக்கியிருக்கிறார். போர்த்துக்கேயர் செடியை ஆபிரிக்காவுக்குக் கொண்டுபோனபோது செய்முறை கூடவே போகவில்லை. 1981இல் மொசாம்பிக்கின் நம்புலா மாகாணத்தில் வரட்சி. கசப்பு மரவள்ளியைத் தவிர வேறு சாப்பாடு இல்லை, பசியில் பதப்படுத்தவும் பொறுமை இல்லை. ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்குக் கால் விளங்காமல் போனது, பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். கொன்சோ என்பது நோயின் பெயர்.

ஆக, காரணம் தெரியாமல் பின்பற்றுவது மூடத்தனம் என்று நான் சொல்லவில்லை. அம்மம்மாவின் மூடியும் இஞ்சியும் ஒரே வாயில் இருந்துதான் வந்தன. ஒன்று காப்பாற்றியது, மற்றது சும்மா ஒட்டிக்கொண்டு வந்தது. இஞ்சியைத் தவிர்ப்பதால் யாருக்கும் நட்டம் இல்லை. நட்டம் தராத விலக்கு பொய்யாக இருந்தாலும் சாகாது.

பங்குனி 15

"கேரளத்து மரவள்ளி இனம் வேறு, எங்கட மரவள்ளி இனம் வேறு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல எதிர்வாதம், இப்படித்தான் கேட்க வேண்டும். வழி இருக்கிறது. ஒரே கிழங்கு, ஒரே மாதிரி இரண்டு பானை, ஒன்றுக்கு இஞ்சி, மற்றதுக்கு இல்லை. பிக்ரேட் தாளைத் தொங்கவிட்டால் சயனைட் பட்டு மஞ்சள் கபிலமாகும், எது கூடக் கபிலமாகிறது என்று பார்க்கலாம். ஆனால் பிக்ரிக் அமிலம் பாடசாலை ஆய்வுகூடத்தில் வைக்கிற சாமான் இல்லை, காய்ந்தால் வெடிக்கும். எங்களுக்கு வெடிச்சது போதும்.

பங்குனி 24

கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) சிறுபோக நெற்செய்கைக் கூட்டத்துக்கு அப்பாவோடு போய் வந்தேன். இரணைமடுக் குளத்தில் இருக்கிற தண்ணீருக்கு எத்தனை ஏக்கர், யாருக்கு எவ்வளவு பங்கு, எந்தத் திகதிக்குள் விதைப்பு, கடைசித் தண்ணீர் எப்போது. வழமைபோலச் சத்தம். வாய்க்காலின் தலைப்பில் வயல் உள்ளவர் ஒரு கதை, கடைசியில் உள்ளவர் வேறு கதை.

இதை வைத்து ஒன்று. பாலித்தீவில் சுபக் என்ற நீர்ப்பங்கீட்டுக் குழுக்கள் உண்டு. எப்போது தண்ணீர் விடுவது, எப்போது வயலைச் சும்மா போடுவது என்பதை நீர்க்கோயில்கள் முடிவு செய்துவந்தன. 1970களில் அரசாங்கம் புது நெல்லினங்களைக் கொடுத்து, கோயிலைப் பார்க்காமல் முடிந்தமட்டும் விதையுங்கள் என்றது. பூச்சி பெருகி வயல் அழிந்தது. மேல்வயல்காரன் ஏன் கீழ்வயல்காரனுக்குத் தண்ணீர் விட வேண்டும்? விடாவிட்டால் கீழே பிந்தி விதைப்பான், அவன் வயலில் வளர்ந்த பூச்சி மேலே ஏறும். எல்லாரும் ஒரே நேரத்தில் விதைத்து ஒரே நேரத்தில் சும்மா போட்டால் பூச்சிக்குத் தீன் இல்லை. அறக்கொட்டிப் பூச்சி அடித்த வயலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஸ்டீபன் லான்சிங், ஜேம்ஸ் கிரேமர் என்ற ஆய்வாளர்கள் 1993இல் இதைக் கணினி மாதிரியில் போட்டுப் பார்த்தார்கள். பக்கத்து வயல்காரர்களில் நல்லாக விளைந்தவனைப் பார்த்து மற்றவன் செய்கிறான் என்ற ஒரே விதியை மட்டும் கொடுத்தார்கள். கோயில்களின் ஒழுங்கைப் போன்ற ஒழுங்கு தானாக வந்தது. ஞானி ஒருவர் இருந்து திட்டம் போட்டிருக்கத் தேவையில்லை.

எனக்கு இதுவரை தெரிந்ததில் ஆகச் சிறந்த விளக்கம் இது. ஆனால் இரணைமடுவுக்கு அப்படியே தூக்கிவர முடியாது. எங்களிடம் திகதியை வைப்பது கச்சேரியும் நீர்ப்பாசனத் திணைக்களமும். கனகாம்பிகை அம்மனுக்குப் பொங்குகிறோம், திகதியை அம்மன் வைப்பதில்லை. பொங்காமல் துருசைத் திறந்தாலும் தண்ணீர் வரும். இருந்தாலும் பொங்காமல் திறக்கச் சொல்லி ஒரு பொறியியலாளரும் கேட்டதை நான் காணவில்லை.

சித்திரை 3

"உறைப்பும் விஞ்ஞானம்தான், வெப்ப நாட்டில் கிருமியைக் கொல்லத்தான் தூள்" என்று ஒருவர். பில்லிங், ஷெர்மன் என்ற இருவர் 1998இல் 36 நாட்டுச் சமையல் குறிப்புகளைக் கூட்டிப் பார்த்து அப்படித்தான் எழுதினார்கள். 2021இல் லிண்டெல் புரோம்ஹாமும் கூட்டாளிகளும் 33,000க்கு மேற்பட்ட குறிப்புகளை எடுத்துத் திரும்பப் பார்த்தபோது அந்த விளக்கம் நிற்கவில்லை. பக்கத்துப் பக்கத்து நாட்டுக்காரர் ஒருவரைப் பார்த்து ஒருவர் சமைப்பதைத் தனித்தனி ஆதாரமாக எண்ணக் கூடாது. 1889இலேயே பிரான்சிஸ் கால்ட்டன் என்ற ஆங்கில ஆய்வாளர் சொன்ன ஆட்சேபம்.

வன்னிக்கு இது நல்லாகப் பொருந்தும். இரண்டு ஊரில் ஒரே பழக்கம் என்று ஒருவர் ஆதாரம் காட்டுவார். விசாரித்தால் இந்த ஊர் அந்த ஊரில் இருந்து வந்த குடியேற்றமாக இருக்கும். அது இரண்டு ஆதாரம் இல்லை, ஒன்றுதான்.

குளத்தில் துள்ளத் துள்ளப் பிடித்த ஜப்பான் மீனுக்கு என் வீட்டில் போடுகிற தூளின் அளவைப் பார்த்தால், எந்தக் கிருமியும் அவ்வளவு குற்றம் செய்திருக்காது.

சித்திரை 5

மூன்று நாளாக ஒரு பதிவு என்னை உறுத்துகிறது. பெயர் சொல்லவில்லை. "நெல் செய்கிற சமூகத்துக்கு ஒற்றுமை இயல்பு, ஆய்வே இருக்கு. அதனால்தான் வாய்க்கால் சனம் சங்கம் கட்டி முன்னேறுது. மேட்டுநிலத்தில் இருக்கிற மலையகத்து ஆக்களுக்கு ஒற்றுமை இல்லை, அது அவர்களின் கலாசாரம்."

ஆய்வு இருப்பது உண்மை. தோமஸ் டல்ஹெல்ம் என்ற உளவியலாளர் 2014இல் சீனாவின் நெல் மாகாணங்களையும் கோதுமை மாகாணங்களையும் ஒப்பிட்டார். ஆறு இடங்களில் 1,162 மாணவர்கள். நெல்பக்கத்தவர் கூட்டாக யோசிப்பவர்களாகத் தெரிந்தார்கள். அப்படியானவர்கள்தான் நெல்லைத் தேடிப் போயிருந்தால்? அதற்கும் பதில் தேடினார்கள். நிங்சியாவில் அரசாங்கம் ஆட்களைக் கிட்டத்தட்டச் சீட்டுக் குலுக்கியதுபோல இரண்டு அரச பண்ணைகளுக்கு அனுப்பியிருந்தது, ஒன்று நெல், ஒன்று கோதுமை. 2024இல் வெளிவந்த அந்த ஒப்பீட்டிலும் வித்தியாசம் தெரிந்தது. கவனமாகச் செய்த வேலை.

இனி கிளிநொச்சிக்கு வாருங்கள். 1930களில் தொடங்கிய குடியேற்றங்களில் அரசாங்கம் வயலும் வாய்க்காலும் கொடுத்தது. என் அப்பப்பா அப்படி வந்தவர். 1958, 1977 இனக்கலவரங்களுக்குப் பிறகு, அடிவாங்கி வன்னிக்கு ஓடிவந்த மலையகக் குடும்பங்களில் பலருக்குக் கிடைத்தது பாசனம் இல்லாத மேட்டுத் துண்டு, சிலருக்கு அதற்கும் உறுதி இல்லை. கூலிக்கு வந்து எங்கட வயலில் நாற்று நட்டவர்கள் அவர்கள்தான். நெல் செய்தால் ஒற்றுமை வரும் என்றால் அவர்களுக்கு அல்லவா முதலில் வந்திருக்க வேண்டும்? வயல் அவர்களுடையதில்லை, அதுதான் வித்தியாசம். சங்கம் கட்டுவதற்கு வாய்க்கால் வேண்டும். பங்கு போடத் தண்ணீரே இல்லாதவன் எதற்குக் கூட்டம் வைப்பான்?

நிங்சியாவில் இரு பண்ணைக்காரரும் கிட்டத்தட்ட ஒரே நிலையில் இருந்தவர்கள், பயிர் மட்டும் வேறு. அதனால்தான் அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பு. இங்கே பயிர், நிலம், காசு, கந்தோரில் யாருடைய கடிதத்துக்குப் பதில் வரும் என்பது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வேறுபடுகிறது. அதில் ஒன்றை மட்டும் பிடுங்கி "கலாசாரம்" என்று பெயர் வைப்பது விஞ்ஞானம் இல்லை, நாங்கள் செய்ததை அவர்கள் குணம் என்று எழுதிவைப்பது.

சித்திரை 5, இரவு

கோபத்தில் எழுதியதாகத் தெரிகிறது. இருக்கட்டும், அழிக்கவில்லை.

சித்திரை 18

புதுவருஷத்துக்கு முல்லைத்தீவில் மாமா வீட்டில் நின்றேன். கடற்கரையில் கரைவலை.

சின்ன வயதில் அங்கே போனால் எங்களுக்கு வேலையே கயிறு பிடிப்பதுதான். உப்பில் ஊறிய தும்புக் கயிறு உள்ளங்கையைச் சிவக்கப் பண்ணிவிடும். ஒருவர் அம்பா பாட, மற்றவர்கள் ஒரே நேரத்தில் பின்னுக்குச் சாய வேண்டும். ஒருவன் பிந்தினால் முழு வரிசையும் தடுமாறும். மடி கரைக்கு வந்ததும் சூடையும் சாளையும் வெள்ளியாகக் கொட்டும். கயிற்றைத் தொட்டவன் எவனும் வெறுங்கையோடு போகக் கூடாது, சின்னப்பிள்ளை என்றாலும் கறிக்கு மீன் உண்டு. சம்மாட்டி (வலைச் சொந்தக்காரர்) மறந்தால் மற்றவர்கள் நினைவூட்டுவார்கள். அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் நந்திக்கடல். அங்கே வீச்சுவலையோடு தனித்தனி ஆள், பிடித்த இறால் அவனவனுக்கு. எங்கே கூடப் படுகிறது என்று பக்கத்தவனுக்கும் சொல்ல மாட்டான்.

பிரேசிலில் இதைப் போலவே ஓர் ஒப்பீடு செய்திருக்கிறார்கள். லைப்ரண்ட், நீசி, லிஸ்ட் என்ற பொருளியலாளர்கள் 2013இல் வெளியிட்டது. ஏரியில் தனியாக மீன் பிடிப்பவர்கள், கடலில் கூட்டாகப் பிடிப்பவர்கள். ஒரு விளையாட்டை வைத்துக் காசுக்குப் போட்டி போடுகிறீர்களா என்று கேட்டால், ஏரிக்காரர் கூடுதலாகப் போட்டிக்கு இறங்குகிறார்கள். முக்கியமான இடம் இதுதான்: தொழிலில் வருடம் ஏற ஏற ஏரிக்காரருக்குப் போட்டிக் குணம் கூடுகிறது, கடல்காரருக்குக் குறைகிறது. பிறப்பிலேயே வந்த குணம் என்றால் முதல் நாளிலேயே முழுதாக இருந்திருக்க வேண்டும். கை பழகப் பழக மனமும் பழகுகிறது.

இந்தமுறை நான் போனபோது கயிற்றை இழுத்தது உழவு மெசின். சுழலியில் கயிறு சுற்றுகிறது, நாலைந்து பேர் நின்று பார்க்கிறார்கள். அம்பா இல்லை. மாமா சொன்னார்: "மெசினுக்குப் பாட்டு எதுக்கு, டீசல் போதும்."

தொழில்தான் குணத்தைச் செய்கிறது என்ற விளக்கத்துக்கு இதைவிடக் கடுமையான சோதனை கிடைக்காது. கடல் அதே கடல், சனம் அதே சனம், சாமி அதே சாமி. இழுக்கிற முறை மட்டும் மாறியிருக்கிறது.

வைகாசி 12

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் நெருங்குவதால் கேட்கிறார்கள்: கடல்நீரில் விளக்கெரிவதற்கு விஞ்ஞான விளக்கம் என்ன? அந்த விவாதத்துக்கு நான் வரவில்லை. அது விளக்கைப் பற்றிய கேள்வி, இந்தக் குறிப்புகள் மனிசரைப் பற்றியவை. சிலாவத்தைக் கரையில் தீர்த்தம் எடுத்து முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுபோகும்போது இத்தனை சனம் ஏன் கூட நடக்கிறது என்று கேட்டால் கதைக்கலாம்.

தூக்குக்காவடி பற்றிக் கேட்டவருக்கு: மொரீசியசில் எங்கட தமிழ்ச் சனத்தின் தைப்பூசத்தில் டிமிட்ரிஸ் சைகலாடாஸ் குழுவினர் செய்த ஆய்வு 2013இல் வந்தது. அலகு குத்திக் காவடி எடுத்தவர்கள், வெறுமனே கூட்டுப் பிரார்த்தனையில் இருந்தவர்களைவிடக் கோயிலுக்குக் கூடக் காசு போட்டார்கள். ஆள் தெரியாமல் போடுகிற காசு. குத்தாமல் கூடப் போனவர்களும் அப்படியே கூடப் போட்டார்கள். முதுகில் கொளுவியவனின் நோ பார்ப்பவனையும் பிடிக்கிறது போல. மெசினின் முன்தூக்கியில் தொங்குகிறவனைக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிற தாயின் முகத்தைக் கண்டவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது. காசு கூடப் போடுவதற்காகத்தான் காவடி வந்தது என்று மட்டும் இதிலிருந்து யாரும் கிளம்ப வேண்டாம்.

வைகாசி 20

கரைவலைக் குறிப்புக்குக் கடற்கரை வாசகர் ஒருவர் எழுதியது: "எங்கட வாடியில் மெசின் வந்த பிறகும் பொடியளுக்குக் கறிமீன் குடுக்கிறம். கயிறு தொடாவிட்டாலும் குடுக்கிறம். ஆனால் சம்மாட்டி மறந்தால் இப்ப ஒருத்தரும் ஞாபகப்படுத்திறதில்லை."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பழக்கம் நிற்கிறது, அதைக் காவல் காத்தது போய்விட்டது. மீன் கொடுப்பது இப்போது சம்மாட்டியின் நல்ல மனசு. முன்பு அது கயிறு பிடித்தவனின் உரிமை. வெளியில் இருந்து எண்ணுகிற ஆய்வாளர் வந்தால் "பகிர்வு தொடர்கிறது" என்று குறித்துக்கொண்டு போவார்.

இப்போது கொடுக்கிற சம்மாட்டிமார் எல்லாரும் கயிறு இழுத்து வளர்ந்தவர்கள். மெசினைப் பார்த்தே வளர்கிற பொடியள் வாடி வைக்கும்போது கொடுப்பார்களா? கொடுக்க மாட்டார்கள் என்பதுதான் பிரேசில் கணக்கின்படி வர வேண்டிய விடை. மாமா கொடுப்பார்கள் என்கிறார். அவரும் நானும் ஒரு மூடை நெல் பந்தயம் கட்டியிருக்கிறோம். அவருக்கு வயது எழுபது என்பதால், எந்த வருஷத்தில் தீர்ப்பு என்று முடிவாகவில்லை.